மூன்றாம் நாள் சலாம்

இரண்டு வருடங்களுக்கு முன், பாப்பாரப்பட்டி கடைத்தெருவில் நடந்தது இது. அங்கே எனக்குச் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை. கல்யாணப் பத்திரிகையும் அடித்துக் கொடுப்பேன். பக்கத்துக் கடை ஒரு தையல்கார பாயுடையது. எதிர்ச்சாரியில் இருக்கும் தையல் கடை அவருடைய சொந்த அண்ணனுடையது. ஒரே கடையில் தைத்துக்கொண்டிருந்தவர்கள்தான். தம்பி வெட்டிய துணியை வாடிக்கையாளர் எதிரிலேயே அண்ணன் குறை சொல்லிவிட, அன்றே தம்பி மெஷினோடு சாலையைத் தாண்டி வந்துவிட்டார்.

அடுத்தவர் விஷயம் என்றால் எனக்குக் காது தானாக நீளும். அப்படித்தான் ஒன்று கண்ணில் பட்டது. பாய் அடிக்கடி சாலையைத் தாண்டிப் போய் அண்ணன் கடை வாசலில் நிற்பார். ஒரே ஒரு வார்த்தை சொல்வார். அண்ணன் தலையைத் தூக்காமலே உதட்டை மட்டும் அசைப்பார். இவர் திரும்பி வந்து மெஷினில் உட்கார்ந்துவிடுவார். எண்ணிப் பார்த்தேன், மூன்று நாளைக்கு ஒருமுறை தவறாமல் நடந்தது. ஏதாவது வேண்டுதலா, ஜமாத்தில் பேசி வைத்த ஏற்பாடா என்று மண்டை குடைந்தது. ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"சலாம் சொல்லிட்டு வரேங்க. கோவத்துல மூணு நாளைக்கு மேல பேசாம இருக்கக் கூடாதுன்னு நபி சொல்லியிருக்காங்க. அதான், மூணு நாள் முடியறதுக்குள்ள ஒரு எட்டு போயிட்டு வந்துடறது."

"அப்ப கோவம் தீந்துடுச்சுங்களா பாய்?"

"எங்கீங்க தீந்துச்சு? அப்படியேதான் இருக்குது. கோவம் வரலாமுங்க, அது உள்ளயே தங்கி வஞ்சமாயிடக் கூடாது. பகையா இருக்கற ரெண்டு பேருக்கு மட்டும், அவங்க ஒத்துப்போற வரைக்கும் அல்லாவோட மன்னிப்பு நிறுத்தி வெக்கப்படுமாம். அஞ்சு வேளை தொழுதுட்டு நான் மட்டும் அந்த மன்னிப்பு வரிசைக்கு வெளிய நிக்கணுங்களா?" என்றவர், சிரித்துக்கொண்டே சேர்த்துக்கொண்டார்: "முதல்ல சலாம் சொல்றவர்தான் ஒசத்தியாம். அந்த விஷயத்துல அண்ணனை ஜெயிச்சுட்டு இருக்கேன்."

நானும் சிரித்தேன். ஆனால் அக்கா ஞாபகம் வந்துவிட்டது. தீர்த்தமலைப் பக்கம் கட்டிக்கொடுத்த என் அக்காவிடம் நான் பேசி அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. அவள் மகள் கல்யாணப் பத்திரிகையை வேறு கடையில் அடித்தாள், அதிலும் தாய்மாமன் என்று என் பெயரே இல்லை. நான் கல்யாணத்துக்கே போகவில்லை. அவள் போன் நம்பரைக்கூட அழித்துவிட்டேன். பாயிடம் இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

அந்த வருடமே பாய் மகளுக்கு நிக்காஹ் முடிவானது. பத்திரிகைக்கு அவர் எழுதிக் கொடுத்த தாளில், அழைப்பவர்கள் வரிசையில் அண்ணன் பெயர் முதலில் இருந்தது. சலாம் சொல்வது வேறு, பத்திரிகையில் பெயர் போடுவது வேறு என்று என் மூளை கணக்குப் போட்டது. பழக்கதோஷத்தில் எழுதிவிட்டார் என்று நானே முடிவு கட்டி, அந்தப் பெயரை எடுத்துவிட்டேன். ஏதோ உபகாரம் செய்கிற நினைப்பு. அவசரத்தில் ப்ரூஃபும் காட்டாமல் முந்நூறு பத்திரிகையும் அடித்து முடித்தேன்.

அன்று மூன்றாம் நாள். முதல் பத்திரிகையை அண்ணனுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று சந்தோஷமாக வந்தவர், என் கடையிலேயே கட்டைப் பிரித்தார். ஒன்றை எடுத்துப் படித்தவர் முகம் வெளுத்தது.

"எங்கண்ணன் எங்கீங்க?"

நான் காரணத்தைச் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை.

"இது ரோட்டத் தாண்டிப் போயிருந்தா? நீங்க எடுத்தீங்கன்னு அவருக்குத் தெரியப்போவுதுங்களா? நான் எடுத்தேன்னுதானே சாவற வரைக்கும் நெனச்சுட்டு இருப்பாரு. அவரு இல்லாம எம் பொண்ணு நிக்காஹ் நடந்துட்டா, அப்புறம் நான் எத்தன சலாம் சொல்லி என்னங்க ஆவும்?"

அண்ணன் பெயரைப் பழையபடி முதலில் சேர்த்தேன். அன்று மதியத்துக்குள் எல்லாவற்றையும் திரும்ப அடித்துக் கொடுத்தேன். பாய் சாலையைத் தாண்டினார். நான் வேலையை விட்டுவிட்டு வாசலில் நின்று பார்த்தேன். அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பத்திரிகையை ரொம்ப நேரம் படித்தார். இருவரும் உருதுவில் ஏதோ பேசினார்கள், எனக்குப் புரியவில்லை. பிறகு அண்ணன் எழுந்தார். கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து, பெண்ணைப் பெற்ற தம்பிக்கு நிக்காஹ் சட்டை தைக்கத் தோளிலிருந்து அளவெடுக்க ஆரம்பித்தார்.

மறுநாளே இரண்டு பஸ் மாறி அக்கா ஊருக்குப் போனேன். என்னைப் போல எவனோ ஒருவன்தான் அங்கேயும் பெயரை எடுத்திருப்பான், பாவம் அக்கா என்று வழியெல்லாம் அவளை மன்னித்துக்கொண்டே போனேன். அக்கா என்னைப் பார்த்ததும் அழுதாள். நான் பத்திரிகைப் பேச்சை எடுத்தேன்.

"நாந்தான் எடுக்கச் சொன்னேன்," என்றாள். "கல்யாணத்துக்கு முன்னாடி உங்க மாமா ஆஸ்பத்திரியில பத்து நாள் கெடந்தாரு. ஒரு நாளாச்சும் வந்து எட்டிப் பாத்தியாடா நீ?"

பார்க்கவில்லை. கடையில் சீசன் வேலை என்று இருந்துவிட்டேன். மூன்று வருடமாக என்னைத்தான் அவமானப்படுத்திவிட்டார்கள் என்று பொருமிக்கொண்டிருந்தவன், அவள் வீட்டு வாசலில் நின்று முதல் தடவையாக மன்னிப்புக் கேட்டேன். அவள் உடனே ஒன்றும் சமாதானமாகிவிடவில்லை. இப்போதும் போனில் பாதி நேரம் சண்டைதான் போடுகிறோம். ஆனால் மூன்று நாளைக்கு மேல் விடுவதில்லை, பல தடவை அவளே முந்திக்கொள்கிறாள்.

தப்பாக அடித்த பத்திரிகை ஒன்றை என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். யார்மீதாவது மனசு கறுக்க ஆரம்பித்தால் அதைப் பார்ப்பேன். அதில் ஒரு பெயர் இல்லாமல் போனது என் கையால்தான் என்பது ஞாபகம் வரும்.