பாத்துக் குடுங்க அக்கா

அந்தத் தெருவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘பாத்துக் குடுங்க அக்கா’ என்றால்தான் தெரியும்.

தையல் கடைகளில் மிஞ்சும் வெட்டுத்துணிகளைச் சேர்த்து ஒட்டி, நடுவே பஞ்சு பரப்பி, கையாலேயே தைக்கும் கனத்த போர்வைகள் அவளுடையவை. பதினோரு வருடமாகத் தைக்கிறாள். “விலை என்னக்கா?” என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தலை குனிந்துவிடும். “நீங்களே பாத்துக் குடுங்க” என்பாள். அவர்களும் பார்த்துத்தான் கொடுத்தார்கள். அவள் முகத்தை அல்ல, தங்கள் பையை.

பகலெல்லாம் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை. எட்டு மணி நேரம் நின்றபடி படுக்கை விரிப்புகளை மடிக்க வேண்டும். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால், வாரின் தடம் பாதத்தில் பள்ளமாகப் பதிந்திருக்கும். அந்தக் கால்களை நீங்கள் பார்த்திருந்தால் உங்கள் கண்ணும் கலங்கியிருக்கும். சலவை மேற்பார்வையாளர் இரக்கப்பட்டு, “அரை நாள் வேலை ஒண்ணு காலியாகுது. வேணும்னா திங்கக்கிழமைக்குள்ள சொல்லு” என்றிருந்தார். அரை நாள் என்றால் பாதிச் சம்பளம். மீதிப் பாதியைப் போர்வை தருமா?

“ஒரு போர்வைக்கு எத்தனை மணி நேரம் ஆகுது?” என்று கேட்டாள் உடன் மடிக்கும் தோழி.

“யாருக்குத் தெரியும்? உலை கொதிக்கிறப்ப பத்து நிமிஷம், தண்ணி பிடிக்கிறப்ப அஞ்சு நிமிஷம்...”

“இங்க கால் மணி லேட்டா வந்தா சம்பளத்துல பிடிக்கிறாங்கல்ல? உன் வீட்டு நேரம் மட்டும் ஓசியா?”

அந்தக் கேள்வி அவளை உட்காரவிடவில்லை. யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். ஊசியில் எப்போதும் ஒரு கை நீளச் சிவப்பு நூல்தான் கோப்பாள். அது தைத்துத் தீரக் கால் மணி நேரம் ஆகும். தீர்ந்த நூலின் நுனியை வெட்டாமல், போர்வையின் பின்பக்கம் விரல் நீள வாலாகத் தொங்கவிட்டாள். நான்கு வால் ஒரு மணி நேரம். முடிந்ததும் எண்ணிவிட்டு வெட்டலாம். இந்த ரகசியத்தை யாரிடமும் சொல்லவில்லை. அங்கேதான் வினை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஒரு லாட்ஜ் முதலாளியம்மா போர்வை பார்க்க வருவதாக ஏற்பாடு. ஏற்பாடு செய்தவள் அவளுடைய நாத்தனார். பிடித்திருந்தால் ஆறு போர்வை. காலையிலிருந்து இவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெருக்கிய இடத்தையே பெருக்கினாள். அடுப்பை அணைத்தோமா என்று மூன்று தடவை போய்ப் பார்த்தாள். மூன்று மணிக்குக் குளித்துவிட்டு, நிம்மதியாக எண்ணலாம் என்று போர்வையைப் புரட்டினாள்.

ஒரு வால்கூட இல்லை! பின்பக்கம் மழமழவென்றிருந்தது.

அவள் கணவர் சலூன் வைத்திருப்பவர். முப்பது வருடமாகத் தலைகளில் பிசிறு பார்த்த கண். சட்டைப் பையில் சின்னக் கத்தரி இல்லாமல் வாசலைத் தாண்டமாட்டார். அவர் பெருமையோடு வந்து நின்றார்.

“பாத்தியா? அங்கங்க நூல் துருத்திக்கிட்டு அசிங்கமா இருந்துச்சு. ஒண்ணு விடாம நறுக்கிட்டேன். இப்ப மாப்பிள்ளை மாதிரி இருக்குல்ல?”

“ஐயோ! அது பிசிறு இல்லீங்க... என்னோட நேரம்!”

அழுகையும் ஆத்திரமுமாக அவள் சொல்லி முடிக்கும்வரை அவர் கத்தரியை ஒளிக்க இடம் தேடினார். பிறகு உள்ளே போய்க் குப்பைக் கூடையைத் தூக்கி வந்தார். வெட்டிய கையோடு பெருக்கி அள்ளுவது அவர் தொழில் பழக்கம். தரையில் செய்தித்தாளை விரித்துக் கொட்டினார். வெங்காயத் தோல், முட்டை ஓடு, தூசி. நடுவே சிக்குண்டு கிடந்தன சிவப்பு நூல்கள்.

“நான் வெட்டினது. நானே எண்ணுறேன்.”

தம் மெல்லிய சீப்பை எடுத்து, குழந்தையின் தலையில் சிக்கெடுப்பது போல நூல்களைப் பிரித்துக் கொடுத்தார். அவள் பத்துப் பத்தாக அடுக்கினாள். நாலரை மணிக்கு எண்ணி முடித்தபோது இருநூற்று நாற்பத்தெட்டு.

அறுபத்திரண்டு மணி நேரம்! சலவைக் கூலிக் கணக்கில் போட்டு, துணியும் பஞ்சும் சேர்த்தால் ஆறாயிரம். இதுவரை ஒரு போர்வைக்கு அவள் வாங்கியது ஆயிரத்தைத் தாண்டியதில்லை.

“என் வாயில இது வராதுங்க. உங்க கடையில மட்டும் எப்படி யாரும் பேரம் பேசுறதில்ல?”

“போர்டு மாட்டியிருக்கேன்ல. வாயால சொன்னா நம்மகிட்ட பேசுவாங்க. போர்டுகிட்ட யார் பேசுவா?”

காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் அவரே பெரிதாக 6000 என்று எழுதினார். அவள் அதைப் போர்வையின் மூலையில் ஊக்கால் குத்தினாள். நூல் கொத்தையும் கூடவே கட்டித் தொங்கவிட்டாள்.

ஐந்து மணிக்கு நாத்தனார் முன்னால் வந்தாள், முதலாளியம்மா பின்னால். அட்டையைப் பார்த்ததும் நாத்தனாரின் கண் பிதுங்கியது.

“என்ன அண்ணி, இது யாரோட போன் நம்பர்? பாதி நம்பர் விட்டுப்போச்சா?”

“விலை” என்றாள் அவள்.

“அடியாத்தீ! நான் ஆயிரத்தைந்நூறுன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்திருக்கேன். அண்ணா, நீயாவது சொல்லேன்!”

“நான் வாயைத் திறக்க மாட்டேம்மா. காலையில கையை நீட்டினதுக்கே வாங்கிக் கட்டிக்கிட்டேன்.”

முதலாளியம்மா போர்வையைத் தடவினாள், புரட்டினாள். நூல் கொத்தைப் பிடித்து, “இது எதுக்கு?” என்றாள்.

“ஒரு நூல் கால் மணி நேரம்மா. மொத்தம் அறுபத்திரண்டு மணி நேரம்.”

“ஒண்ணுக்கு மூணாயிரம் தர்றேன். ஆறும் எடுத்துக்கறேன்” என்றாள் முதலாளியம்மா.

நாத்தனார் இவள் விலாவில் முழங்கையால் இடித்தாள். மூவாயிரம்! ஆறு போர்வை! அந்தப் பழைய வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. பாத்துக்... அவள் குனிந்தாள். வீங்கிய பாதங்கள் கண்ணில் பட்டன. நிமிர்ந்தாள்.

“ஆறாயிரம்தாம்மா.”

“அப்படின்னா ஆறு கட்டுப்படியாகாது.” முதலாளியம்மா எழுந்துகொண்டாள். வாசல் வரை போனாள். அங்கிருந்து திரும்பினாள். “இதைக் குடுங்க. இதே மாதிரி இன்னொண்ணு. லாட்ஜ்ல பெரிய அறைக்கு மட்டும் போட்டுக்கறேன்.”

ஆறு இரண்டாகிப் போனதே என்று நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் இந்த விலைக்கு மாதம் இரண்டு போனால், குறையும் அரை நாள் சம்பளம் சரியாகிவிடும். அடுத்த மாதம் யார் வாங்குவார்கள்? தெரியாது. அந்தப் பயத்தையும் கையில் பிடித்துக்கொண்டுதான் திங்கட்கிழமை மேற்பார்வையாளரின் தாளில் கையெழுத்துப் போட்டாள்.

அன்று மதியம் வெளிச்சத்தில் கால் நீட்டி உட்கார்ந்து தைத்தாள். உட்கார்ந்தும் மனம் உட்காரவில்லை. யாரோ திட்டப்போகிறார்கள் என்பது போல வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிட வந்தவர் கணவர்தான். போர்வையின் அடியில் புதிதாக நான்கு வால்கள் தொங்கின. அவர் கை தன்னையறியாமல் சட்டைப் பைக்குப் போனது.

அவள் ஒரு பார்வை பார்த்தாள்.

அவர் கத்தரியை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார்.

“சோறு போடு. கை கழுவத்தான் வெளிய எடுப்பேன்.”