உள்ளே என்ன போச்சு?

எந்த வீட்டுக் குழாய் அடைத்துக்கொண்டாலும் கூப்பிடுவது அவனைத்தான். பிளம்பர் என்று யாரும் சொல்வதில்லை; "அடைப்பு" என்றே பேராகிவிட்டது. கம்பியை விடுவதற்கு முன் ஒரே கேள்விதான் கேட்பான்: "உள்ள என்ன போச்சு?" வீட்டுக்காரர்கள் மழுப்புவார்கள். உண்மை வரும்வரை அவன் பையைத் திறக்க மாட்டான்.

அப்படிப்பட்டவனின் ஐந்து மாத மகள் முகம் சிவக்க முக்கி முக்கி அழுதாள். புட்டிப்பால் குடிக்கிற பிள்ளை. துணியில் கிடந்தது ஆட்டுப் புழுக்கை போல உருண்டை உருண்டையாக இருந்தது. நாள் போகப் போகப் பாலைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரி பின்பக்கம் சோப்புத் துண்டைச் செருகச் சொன்னாள். அவன் மனைவி காதில் வாங்காத மாதிரி பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். இருவருமாக டாக்டரம்மாவிடம் ஓடினார்கள்.

வாந்தி உண்டா, ரத்தம் உண்டா, காய்ச்சல் உண்டா என்று டாக்டரம்மா விசாரித்தார். வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். முக்கினாலும் இளகலாக வந்தால் பயமில்லை, இப்படிக் கெட்டியாக வந்தால்தான் மலச்சிக்கல் என்றார். பிறகு அவனைப் பார்த்துக் கேட்டார்.

"சரிப்பா, உள்ள என்ன போகுது?"

அவனுக்குக் காது சூடாகிவிட்டது. ஊரையெல்லாம் கேட்டவன் சொந்த வீட்டில் கேட்கவில்லை.

பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அவன் அக்கா. மறுநாள் அவன் வேலைக்குப் போகாமல் சமையலறை வாசலில் குந்தினான். அக்கா பால் கலக்கினாள். தண்ணீர் சரியான அளவுதான். பவுடர்தான் கரண்டியில் கோபுரமாக ஏறியது. எல்லாம் போட்டு முடித்தபின், மேலே இன்னொரு கரண்டி.

"அது எதுக்குக்கா?"

"அது எம் மருமகளுக்கு நான் போடுறது. தேறட்டுமேடா."

"சிமெண்ட்ல தண்ணி கொறஞ்சா என்னாகும்கா?"

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். கண் கலங்கிவிட்டது. இனி இந்தப் பிள்ளையைத் தொடவே மாட்டேன் என்று எழுந்தவளைக் கையைப் பிடித்து உட்கார வைத்தான்.

"நீ தொடாம யாரு தொடுறது? பாசத்த மடியில காட்டு. பாட்டில்ல போடாத, அவ்வளவுதான்."

அன்று முதல் கரண்டி தலைதட்டி அளக்கப்பட்டது. டப்பாவில் அச்சிட்டிருந்த அளவுக்கு மேல் ஒரு சிட்டிகை விழவில்லை.

சில நாள் கழித்து, யார் வீட்டிலோ முழங்கை வரை கையைக் குழாய்க்குள் விட்டிருந்தபோது போன் அடித்தது. அக்காதான்.

"டேய், வந்துருச்சுடா. வெண்ணெய் மாதிரி. அழவே இல்ல, சிரிக்கிறா."

ஈரத் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தான். எட்டிப் பார்த்த வீட்டம்மாவிடம் விஷயத்தைச் சொன்னான். நாலு பெற்றவர், அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. மற்ற வேலையை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டார்.

அவன் போய்ச் சேர்வதற்குள் தெருவுக்கே தெரிந்திருந்தது, சோப்புக்காரி உட்பட. வாசலில் அக்கா ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் அந்தத் துணியுமாக, பந்தயத்தில் ஜெயித்தவள் போல நின்றாள். தம்பி பார்க்காமல் துவைக்க அவளுக்கு மனம் வரவில்லை.