பேயாண்டியைத் தேடி அறை எடுத்தவள்

என் தங்கை கனகலட்சுமி வெளியிடத்தில் அறை எடுத்துத் தங்கியது வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான். அந்த இடம் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றாலே தெரியும்.

வாடிப்பட்டிக்கு வடக்கே, சிறுமலை அடிவாரத்தில், விவசாயம் நின்றுபோன மானாவாரி நிலங்களை ஒருவர் மொத்தமாக வாங்கி, ஊர்ப் பக்கம் வேலி போட்டு, மலைப் பக்கத்தைத் திறந்தே விட்டு, காடு வளரவிட்டிருக்கிறார். மானும் பன்றியும் காட்டுமாடும் மலையிலிருந்து இறங்கி வந்து தங்குகின்றன. சிறுத்தையும் உண்டு. நடுவில் ஓடு வேய்ந்த தனித்தனி வீடுகள். சஃபாரி லாட்ஜ் என்று வாசலில் பலகை. மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் கார்களில் வந்து தங்குகிறவர்களை ஜீப்பில் ஏற்றி மிருகம் காட்டுவார்கள். எங்கள் ஊரில் இருந்து அங்கே வேலைக்குப் போனவர்கள் உண்டு, விருந்தாளியாகப் போனவர்கள் கிடையாது. நாங்கள் போனோம். மிருகம் பார்ப்பதற்கு அல்ல. எங்கள் காளை அதற்குள் போய்விட்டது.

கனகத்தைப் பற்றிச் சொன்னால்தான் இது விளங்கும். அப்பா இறந்தபோது நான் பத்தாவதோடு நிறுத்திவிட்டு மோட்டார் காயில் கட்டும் கடையில் உட்கார்ந்தேன். அவளை மட்டும் பி.காம். வரை படிக்க வைத்தேன். இப்போது ஊர்ப் பால் சொசைட்டியில் வேலை பார்க்கிறாள். அவள் எடுத்த அளவில் ஒரு சொட்டு பால் கூடக் குறைய இருந்ததில்லை என்று ஊரில் கேட்டால் சொல்வார்கள். அதிகம் பேச மாட்டாள். கேட்டதற்குப் பதில், அதுவும் ஒரு வரியில்.

அப்பா இறந்த வருடமே எங்கள் பசு கன்று போட்ட கையோடு செத்துப்போனது. காளைக் கன்று. எல்லோரும் கொடுத்துவிடச் சொன்னார்கள். கனகம் பால்புட்டியை எடுத்துக்கொண்டு தொழுவத்தில் உட்கார்ந்துவிட்டாள். பேயாண்டி என்று பெயர் வைத்தாள். அது எங்கள் அப்பாவின் பெயர்.

“ஏத்தா, அப்பா பேரைப் போயி மாட்டுக்கா வைக்கிறது?” என்று சத்தம் போட்டேன்.

“அந்தப் பேரு வீட்டுல கேட்டுக்கிட்டே இருக்கணும்ல” என்றாள். 

காலையில் நடை, கண்மாயில் நீச்சல், மேட்டில் கொம்பால் மண் குத்தவிடுவது, பருத்திக்கொட்டை ஆட்டி ஊற்றுவது என்று ஒருநாளும் தவறவிட்டதில்லை. மூன்றே வருடத்தில் பேயாண்டி சுற்றுவட்டார ஜல்லிக்கட்டுகளில் பிடிபடாத மாடு என்று பெயர் வாங்கினான். பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் மாமா, “பொண்ணு மட்டும் வருமா, மாடும் கூட வருமா?” என்று கிண்டல் செய்தார். “மாடு கட்ட ஒங்க வீட்ல எடம் இருக்கா?” என்று இவள் கேட்டாள். காபியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள்.

மாசியில் ஒரு கோயில் ஜல்லிக்கட்டு. வாடிவாசலில் மூக்கணாங்கயிற்றை அறுத்துத்தான் காளையை அவிழ்ப்பார்கள். அதன் பிறகு அதைப் பிடிக்க வழியில்லை. ஓடி வந்து நிற்கிற இடத்தில், வளர்த்தவர் குரல் கொடுத்துக் கழுத்துக் கயிற்றைப் பிடிக்க வேண்டும். பேயாண்டி யாரையும் தொடவிடாமல் வந்தான். கனகம் ஓட்டம் முடிகிற முனையில் கயிறோடு நின்றாள். அவன் அவளை நோக்கி வரும்போது பின்னால் யாரோ வெடி கொளுத்திவிட்டார்கள். திரும்பியவன் மூங்கில் தடுப்பைத் தாண்டிக் கண்மாய்க் கரைப் பக்கம் பறந்துவிட்டான். இவள் செருப்பில்லாமல் பின்னாலேயே ஓடுகிறாள். மைக்கில், “கனகலட்சுமி மாடு, மாடு வெற்றி! அண்டாவை வாங்கிக்கத்தா, எங்கத்தா போற?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

தேடாத தோப்பு இல்லை. கிணறு கிணறாக எட்டிப் பார்த்தோம். கனகம் சோறு தின்னவில்லை. “அவன் தின்னுருக்க மாட்டான்ணே” என்று மட்டும் சொன்னாள். அப்போதுதான் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. லாட்ஜில் தங்கிய யாரோ எடுத்தது. ‘தனியாகத் திரியும் ஆண் காட்டுமாடு’ என்று எழுதியிருந்தார்கள். அந்தக் காட்டுமாட்டின் கொம்பில் மஞ்சள் பூசியிருந்தது. கழுத்தில் எங்கள் கயிறு தொங்கியது. வேலியில்லாத மலைப் பக்கமாக உள்ளே போயிருக்கிறான்.

உடனே ஓடினோம். லாட்ஜ் மேனேஜர் தீப்தி என்ற மதுரைப் பெண். தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார்.

“புரியுது சார். ஆனா ஸ்டாஃப், கெஸ்ட் தவிர யாரையும் உள்ள விடக் கூடாதுன்னு ஓனர் ஆர்டர். குட்டி போட்ட சிறுத்தை ஒண்ணு இருக்கு. ஃபாரஸ்ட் ஆபீசுக்குச் சொல்லியிருக்கேன். திங்கக்கிழமை வர்றோம்னு சொன்னாங்க.”

அன்று வெள்ளிக்கிழமை.

“திங்கக்கிழமை எலும்பத்தான் பாக்கணும்” என்றாள் கனகம். பிறகு, “கெஸ்டுனா யாரு?” என்று கேட்டாள்.

“ரூம் எடுத்துத் தங்கறவங்க.”

“அப்ப ரூம் போடுங்க.”

வாடகை எவ்வளவு என்று அவளிடம் நான் இதுவரை சொல்லவில்லை. இங்கேயும் எழுதவில்லை.

அறையில் கட்டிலின் மேல் துண்டை அன்னப்பறவை மாதிரி மடித்து வைத்திருந்தார்கள். கனகம் கட்டிலில் உட்காரவில்லை. பையில் கொண்டுவந்த கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு தரையில் இருந்தாள். வேண்டுதலுக்காகக் கட்டிய மஞ்சள் சேலை. பளிச்சென்ற நிறம் ஜீப்பில் கூடாது, மிருகம் மிரளும் என்று சொல்லித் தீப்தி ஒரு காக்கிச் சட்டையும் தொப்பியும் கொடுத்தார். கனகம் மறுக்கவில்லை. வந்த இடத்தில் நாம்தான் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று, அவர்கள் வைத்திருந்த மணக்கிற சோப்பைப் போட்டுக் குளித்து, அந்தச் சட்டையையும் தொப்பியையும் மாட்டிக்கொண்டு வந்தாள்.

ஜீப் ஓட்டியது முத்திருளன், பக்கத்து ஊர்க்காரர். எங்களைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். “வாடி மாட்டுக்காரவுகளா? அண்ணே, தேடுங்க, நானும் பாக்குறேன். ஆனா எறங்கி மட்டும் போயிராதீக. போன மாசம் ஒருத்தரு போட்டா எடுக்க எறங்கினாருன்னு எங்காளு ஒருத்தன வீட்டுக்கு அனுப்பிட்டாக.”

கூட வந்தவர்கள் சுப்பராமன் என்ற ரிட்டயர்டு அதிகாரியும் அவர் மனைவி நாகலக்ஷ்மியும். அவர் கையில் பெரிய கேமரா.

“ஷ்ஷ், பேசப்படாது. சிறுத்தை ஓடிடும்” என்றார்.

“இருந்தான்னா ஓடறதுக்கு? நாலு தடவை வந்தாச்சு, இவருக்கு மயில்தான் அமைஞ்சிருக்கு” என்றார் அந்த அம்மா.

மான்கள் வந்தன. பன்றிக் கூட்டம் குறுக்கே ஓடியது. அவர்கள் இருவரும் சிறுத்தைக்காக மரக்கிளைகளைப் பார்த்தார்கள், கனகம் தரையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பொழுது இறங்கும் நேரத்தில் ஒரு குட்டைக்கரையில் அவன் நின்றான். விலா எலும்பு தெரிந்தது. எங்களுக்கு இடப் பக்கத்தைக் காட்டி நின்றான். தலையை அசைக்கவில்லை.

“பேயாண்டி!” என்றாள்.

காது திரும்பியது. பிறகு உடம்பு திரும்பியது. அவன் கண்டது என்ன? ஜீப், தொப்பி, காக்கிச் சட்டை. வாடியில் தன் மேல் பாய்கிற கூட்டத்தைத்தான் கண்டிருப்பான். தலையைத் தாழ்த்தி மண்ணை வாரி இறைத்தான். முத்திருளன் ஜீப்பைப் பின்னால் எடுத்தார். அந்தச் சத்தத்தில் அவன் புதருக்குள் பாய்ந்துவிட்டான்.

“என்னையத் தெரியலண்ணே அவனுக்கு” என்றாள். அதையே அறைக்கு வரும்வரை சொன்னாள். சுப்பராமன் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டார்.

அன்றிரவு ரம்பம் அறுப்பது போல ஒரு சத்தம் கேட்டது. சிறுத்தைதான்.  

விடிந்ததும் அவள் பையின் அடியிலிருந்து ஒரு பழைய சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தாள். தொழுவத்தில் சாணி அள்ளும்போது கட்டுகிற நீலச் சேலை. கயிறு சுற்றி வைக்கக் கொண்டுவந்தது. பிண்ணாக்கு வாடை அடித்தது.

தீப்தி தயங்கினார். “மேடம், இந்தக் கலர்...”

“அந்தப் பொண்ணு கட்டிக்கட்டும்மா” என்றார் நாகலக்ஷ்மி. “மான் ஓடினா ஓடட்டுமே. நாங்க ஒண்ணும் சொல்லலை.”

குட்டையில் அவன் இல்லை. புதருக்குள் காலடித்தடம் போய்ப் பாறையில் மறைந்தது. சற்று நேரத்தில் கிழக்கே காக்கைகள் வட்டமடித்தன. முத்திருளன் என்னைப் பார்த்தார். நான் கனகத்தைப் பார்த்தேன்.

“போங்க” என்றாள்.

அந்த வழி நெடுக நாகலக்ஷ்மி அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். மரத்தடியில் கிடந்தது புள்ளிமான். பாதி தின்னப்பட்டிருந்தது. கனகம் மூச்சு விட்டாள். உடனே, “இன்னைக்கு இது. நாளைக்கு?” என்றாள்.  மறுநாள் விடிந்தால் நாங்கள் அறையைக் காலி செய்ய வேண்டும்.

மாலைதான் கடைசிச் சுற்று. முத்திருளன் வழக்கமான பாதையை விட்டு, முன்பு வயலாக இருந்த மேட்டுப் பக்கம் ஓட்டினார். வேலிக்கருவேல் அடர்ந்த ஓரிடத்தில் கிளை மட்டும் ஆடியது. காற்று இல்லை.

அவன்தான். கழுத்துக் கயிறு கருவேலம் வேரில் சிக்கி இறுகியிருந்தது. சுற்றிச் சுற்றி வந்து வட்டமாக மண்ணை உழுதிருந்தான். வாயில் நுரை காய்ந்து ஒட்டியிருந்தது. இரவு அங்கேயே நின்றால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

கனகம் காலைக் கீழே வைத்தாள்.

“ஆத்தா, எறங்காதத்தா! என் சோறு போயிரும்!” என்றார் முத்திருளன்.

“நான்தான் எறங்கச் சொன்னேன்னு சொல்லிக்கறேன். விடுப்பா” என்றார் சுப்பராமன். எப்போதும் கிசுகிசுப்பவர் அதை உரக்கச் சொன்னார்.

அவள் அவனுடைய இடப் பக்கமாக நடந்தாள். பக்கத்தில் போகிறவரை அவன் கவனிக்கவில்லை. சுள்ளி ஒடிந்ததும் பாய்ந்தான். கயிறு விறைத்து நின்றது. கொம்பு அவள் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது.  அவள் பின்வாங்காமல் பேச ஆரம்பித்தாள்.

“ஏய், யாரை முட்ட வாற? எம்புட்டுத் தேடுறது ஒன்னைய? அங்க அண்டா குடுக்குறாய்ங்க, வாங்காமக்கூட ஓடியாந்தேன் ஒனக்காக. பருத்திக்கொட்டை ஊறிப் புளிச்சே போச்சு. தண்ணி குடிச்சியா நீ? யாரு ஊத்துனா ஒனக்கு?”

பேசிக்கொண்டே சுற்றி வலப் பக்கம் வந்தாள். அவன் மூக்கை நீட்டிச் சேலையை மோந்தான். மோந்துகொண்டே இருந்தான். பிறகு அந்தப் பெரிய தலையை அவள் வயிற்றில் சாய்த்துவிட்டான்.

அவள் முகத்தைத் தடவினாள். இடக் கண்ணில் கை பட்டதும் அவன் உதறினான். முள் ஏறியிருந்தது. இமை ஒட்டிச் சீழ் வடிந்தது.

“அண்ணே! இந்தப் பக்கம் கண்ணு தெரியலண்ணே இவனுக்கு!” என்றாள். “நேத்து என்னையப் பாக்கவே இல்லண்ணே அவன். மறக்கலண்ணே!” தேடிய நாளெல்லாம் அழாதவள் அப்போதுதான் அழுதாள். அது துக்கமா சந்தோஷமா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

நானும் இறங்கிப் போய், புதுக் கயிற்றை மாட்டி, சிக்கிய கயிற்றை அறுத்தேன். ஜீப் முன்னால் ஊர்ந்தது. கனகம் ஏறவில்லை. இருட்டுவதற்குள் அவனை நடத்தியே வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

தீப்தி காத்துக்கொண்டு நின்றார். காளையையும் கயிற்றையும் கனகத்தின் கையில் இருந்த முள் கீறல்களையும் பார்த்தார். “ஜீப்பை விட்டு யாரும் எறங்கலைதானே?” என்று முத்திருளனைக் கேட்டார்.

“இல்ல மேடம். அதுவா வந்துச்சு.”

“சரி” என்றவர் உள்ளே போய், எங்கள் அறைக் குளியலறை வாளியில் தண்ணீரோடு வந்தார். குட்டையில் என்ன குடித்தானோ, அந்த வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் உறிஞ்சினான். இன்னொரு வாளி. அதையும் உறிஞ்சினான்.

டாக்டர் எவ்வளவோ பார்த்தும் கண் பிழைக்கவில்லை. ஒற்றைக் கண் காளைக்கு இனி வாடி கிடையாது. இடப் பக்கம் ஆள் வருவது தெரியாததால் மிரள்கிறான். அதற்குக் கனகம் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள். தொழுவத்திற்குள் காலை வைத்ததிலிருந்து வெளியே வரும்வரை பேசிக்கொண்டே இருக்கிறாள். ஒரு வரிக்கு மேல் பேசாத என் தங்கை. கடைக்குக் கிளம்பும்போது தினமும் அது என் காதில் விழுகிறது.

“பேயாண்டி, நான் இங்கிட்டு நிக்கிறேன். சாணியக் கூட்டிக்கிட்டு இருக்கேன். இப்ப வாளிய எடுக்குறேன். இந்தா, வந்துட்டேன், தொடுறேன்.”