ஒரே முகவரியில் இரண்டு மோட்டார்

சங்கரன்கோவில் கடையில் மதியச் சாப்பாட்டுக்குக் கை கழுவிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கரிவலம்வந்தநல்லூர் சண்முகையா அண்ணாச்சி. தன் முறை நாளில் தம்பி தண்ணீரைக் களவாடிவிட்டானாம், எக்ஸ்பர்ட் என்ற முறையில் நான் வந்து சொல்ல வேண்டுமாம். எக்ஸ்பர்ட் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குச் சோறு மறந்துபோயிற்று. வண்டியை எடுத்துவிட்டேன்.

சண்முகையாவுக்கும் அவர் தம்பி கோமதிநாயகத்துக்கும் பொதுக் கிணறு. அதில் ஆளுக்கொரு மோட்டார். ஒரு நாள் அண்ணன் முறை, மறுநாள் தம்பி முறை. பேச்சுவார்த்தை மட்டும் எந்த நாளும் கிடையாது. வீட்டிலிருந்தே மோட்டாரைப் போட வேண்டும் என்று அண்ணன் கேட்க, நான் ஒரு செட் மாட்டிக் கொடுத்தேன். சின்ன மைக்ரோகண்ட்ரோலர் போர்டு இரண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு ரேடியோ மாட்யூல். ஒன்று வீட்டுச் சுவிட்சில், மற்றது கிணற்றடி ஸ்டார்ட்டரில். இங்கே அமுக்கினால் அங்கே ரிலே இழுக்கும், மோட்டார் ஓடும். காலேஜ் பிள்ளைகள் பொழுதுபோக்காகச் செய்கிற வேலைதான். அதற்கு நான் 'ஆட்டோமேஷன்' என்று கடைவாசலில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தேன்.

அடுத்த வாரமே தம்பி வந்தார். அண்ணனுக்குப் போட்ட அதே செட்தான் தனக்கும் வேண்டும், ஒரு இம்மி மாறக்கூடாது என்றார். நானும் ஒரு இம்மி மாற்றவில்லை. இந்த ரேடியோவில் ஒவ்வொரு ஜோடிக்கும் தனி முகவரி கொடுக்க வேண்டும். நான் நெட்டில் கிடந்த மாதிரி புரோகிராமை, அதிலிருந்த முகவரியோடு, இரண்டு பேருக்கும் ஏற்றிவிட்டேன். காப்பியடிக்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகூட மேலே பேரை மாற்றி எழுதும்.

தம்பி முறை நாளில் அண்ணன் தன் மெயின் சுவிட்சை அணைத்துவிடுவார். அதனால் தம்பி செட்டை அவர் முறை நாளில் சோதித்தபோது ஒன்றும் தெரியவில்லை. தம்பிக்கு அந்தப் பழக்கம் இல்லை. தன் முறை நாளில் அண்ணன் சுவிட்சை அமுக்கியதும் இரண்டு மோட்டாரும் சேர்ந்து ஓடி, தம்பியின் எலுமிச்சைக்கும் தண்ணீர் பாய்ந்திருக்கிறது.

இதெல்லாம் தெரியாமல் கிணற்றடியில் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர்.

"நீரே சொல்லும் வே. சுவிட்சை அமுக்காம மோட்டாரு ஓடுமா?" என்றார் சண்முகையா.

"ஓடவே ஓடாது. நான் போட்ட செட்டு," என்றேன்.

அதோடு கோமதிநாயகம் களவாணி ஆகிவிட்டார். தான் சுவிட்சைத் தொடவே இல்லை என்று அவர் சொன்னதை யாரும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணட்டும் என்று முடிவாயிற்று.

கடைக்குத் திரும்பி லேப்டாப்பைத் திறந்தேன். இரண்டு புரோகிராமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே முகவரி. திருத்தப் பத்து நிமிடம் போதும். ஆனால் சொன்னால் என் எக்ஸ்பர்ட் பட்டம் என்ன ஆவது? உண்மை பேசுகிறவருக்குச் சத்தியம் பண்ண என்ன பயம் என்று எனக்கு நானே நியாயம் பேசிக்கொண்டு மூன்று நாள் கடையைத் திறந்து மூடினேன். கோமதிநாயகத்தின் பெண்டாட்டி பால் வாங்கப் போன இடத்தில்கூட ஜாடை பேசினார்களாம். அதைக் கேட்ட பிறகும் பேசாமல்தான் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை மனசு கேட்கவில்லை. கோயிலுக்குப் போனேன். கோமதிநாயகம் ஈர வேட்டியோடு நின்றார், தட்டில் சூடம் எரிந்துகொண்டிருந்தது. தப்பு என்னுடையது என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். சண்முகையா தலையைக் குனிந்துகொண்டார்.

என்னைக் கேள்வி கேட்டது தம்பிதான். அதுவும் சத்தம் போடாமல்.

"இது உமக்கு எப்பம் தெரியும்?"

"அன்னைக்கே தெரியும்."

"பெறவு ஏம்வே என்னைய மூணு நாளு களவாணியா நடமாட விட்டீரு?"

அன்றைக்கே இரண்டு செட்டுக்கும் முகவரியை மாற்றிக் கொடுத்தேன்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஒவ்வொரு ஜோடிக்கும் முகவரியை மாற்றுங்கள். மறந்துபோனால், தெரிந்த அன்றைக்கே போய்ச் சொல்லிவிடுங்கள். அண்ணனும் தம்பியும் இன்றும் மோட்டார் வேலையை என்னிடம்தான் கொடுக்கிறார்கள். கோமதிநாயகம் மட்டும், நான் எதைச் சொன்னாலும், "நெசமாவா?" என்று ஒருமுறை கேட்டுக்கொள்கிறார்.