மாயவன் வேவு பார்த்த மூட்டை

குரும்பலூர் மாயவனுக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. கடலை மண்டியில் மூட்டை நிறுக்கிற வேலை. தராசை நம்பமாட்டான், அதில் படிக்கல் வைக்கிற தன் கையையும் நம்பமாட்டான். சொந்தக்காரன் வீடு தேடி வந்து பத்திரிகை வைத்தால், 'நம்மள எதுக்கு இவ்வளவு மரியாதையா கூப்புடுறான்' என்று அன்றைய தூக்கத்தைத் தொலைப்பான். இப்படிப்பட்ட மகராசனுக்கு வாய்த்தவள் பூமாலை. பத்து வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பேசுவாள். பேசாத பெண்டாட்டியை வைத்துக்கொண்டு சந்தேகக்காரன் சும்மா இருப்பானா?

எமர்ஜென்சி முடிந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். தை பிறந்தால் பெண்கள் கூட்டமாகப் பச்சைமலைக்குக் கடுக்காய் பொறுக்கப் போவது வழக்கம். அந்தத் தையில் ஒருநாள் அடுப்படிப் பரணில் ஒரு துணிமூட்டை அவன் கண்ணில் பட்டது. பிரித்தான். புது பேட்டரி லைட். மெழுகில் முக்கியெடுத்த தீக்குச்சிகள், பிளாஸ்டிக் தாளில் பத்திரமாகச் சுற்றி. வெல்லம், வறுத்த கடலை. நீளநீளமாகக் கிழித்துச் சுருட்டிய பழைய சேலை, கொஞ்சம் கயிறு. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விசில்.

ஒவ்வொன்றாக எடுத்துவைத்துக் கணக்குப் போட்டான். வெல்லமும் கடலையும் வழிக்குத் தின்ன. லைட், இருட்டில் ஓட. விசில் எதற்கு? மலைமேல் எவனோ காத்திருக்கிறான், இவள் ஊதினால் வருவான். வேறென்ன?

"என்னா புள்ள, இந்த வருசமும் மலைக்குப் போறியா?"

"போவணும்."

"யாரு யாரு?"

"எப்பவும் போறவங்கதான்."

வாயைத் திறந்து மூட்டையைப் பற்றிக் கேட்டிருந்தால் அத்தோடு தீர்ந்திருக்கும். கேட்டுவிட்டால் அப்புறம் அவன் என்ன மாயவன்? லைட்டிலிருந்த பேட்டரிக் கட்டைகளை உருவி ஒளித்துவைத்துவிட்டு, மூட்டையை இருந்தபடியே கட்டிப் பரணில் போட்டான். இருட்டில் எப்படி ஓடுகிறாள், பார்த்துவிடலாம்.

விஷயம் இதுதான். போன வருஷம் கொளஞ்சி என்கிற பெண் மலையில் கால் பிசகி, கூட வந்தவர்களைத் தவறவிட்டு, விடியும்வரை பாறையடியில் கிடந்தாள். அவளுக்குக் கட்டுப்போட்ட நர்சம்மா சுந்தராம்பாள்தான் பிறகு பெண்களைக் கூட்டிவைத்து இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தது. ஈரம் பட்டாலும் எரியக் குச்சியை மெழுகில் முக்க வேண்டும். பிசகிய காலை ஆடாமல் கட்ட வேண்டும். வழி தப்பினால் அலையாமல் ஒரே இடத்தில் உட்கார வேண்டும். அந்தப் பெண்கள் காட்டில் யாராவது கூப்பிட்டால் முதல் குரலுக்கும் இரண்டாம் குரலுக்கும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். பேய் மூன்றாம் முறை கூப்பிடாது என்று நம்பிக்கை. நர்சம்மா அதோடு மல்லுக்கட்டவில்லை. "மூணு கேட்டாத்தானே மனுசன்னு நம்புவீங்க? அப்ப ஆபத்துன்னா விசிலையும் மூணுதரம் ஊதுங்க. மூணு கேட்டுட்டா, யாரா இருந்தாலும் போயிப் பாக்கணும்" என்றாள்.

இதைப் பூமாலை புருஷனிடம் ஏன் சொல்லவில்லை? கொளஞ்சியைத் தூக்கிவந்த அன்று, "காலு பிசகுச்சாம்ல. எவன்கூட இருந்தாளோ" என்று தெருவில் நின்று சொன்னவனே அவன்தான். அந்தப் பேச்சு ஊரைச் சுற்றியது. கொளஞ்சியின் புருஷன் அவளைத் தாய்வீட்டுக்குத் துரத்திவிட்டான், இன்னும் அழைக்கவில்லை. பூமாலைக்கு அதை நினைத்தாலே சோறு இறங்காது.

பெண்கள் மலைக்குக் கிளம்பிய அன்று மாயவன் மண்டிக்கு லீவு போட்டான். கட்டைகளை வேட்டி முடிச்சில் செருகிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய், புதர் புதராகப் பதுங்கிப் பின்தொடர்ந்தான். பொழுது சாயும்வரை அவன் கண்டது குனிந்து பொறுக்குகிற முதுகுகளைத்தான். எவனும் வரவில்லை. உடனே அடுத்த சந்தேகம்: நம்மைப் பார்த்துவிட்டுப் பயல் ஒளிந்துகொண்டானோ? இறங்குகிற நேரம் வந்ததும், சிதறி நின்றவர்களைச் சேர்க்கப் பூமாலை ஒருதரம் விசிலை ஊதினாள். 'சிக்கிட்டாடா' என்று பாய்ந்தான் மாயவன். முன்னால் இருந்த ஓடைச் சரிவைப் பார்க்கவில்லை. உருண்டுபோய்ப் பள்ளத்தில் விழுந்தான், கணுக்கால் திரும்பிக்கொண்டது.

"பூமால" என்று கத்தினான். மேலே பேச்சுச் சத்தம் நின்றது.

"ஏ பூமால." காலடிகள் வேகமாக விலகின.

பாறையில் மோதிப்போன அந்தக் குரல் யாருடையதென்றே அவர்களுக்குத் தெரியவில்லை. பள்ளத்திலிருந்து ஓர் ஆண்குரல் பேர்சொல்லி அழைத்தால் எந்தப் பெண் நிற்பாள்? இன்னொருமுறை கூப்பிட்டுத் தொலைத்திருக்கலாம். அவனோ, 'காதுல விழுந்தும் ஓடுறா, கள்ளி' என்று வாயை இறுக்கிக்கொண்டான். சந்தேகத்துக்கு ருசு கிடைத்த திருப்தியில் கால்வலிகூடக் கொஞ்சம் மறந்தது.

மரத்தடிகளில் இருட்டுக் கட்டத் தொடங்கியதும் திருப்தி போய் உயிர்ப்பயம் வந்தது. பக்கத்தில் எதுவோ சருகில் ஊர்ந்தது. கள்ளியாவது காதலனாவது, "யாராச்சும் வாங்களேன்" என்று வாய்விட்டு அழுதான்.

பள்ளத்தைச் சுற்றி இறங்குகிற கீழ்ப்பாதையில் பெண்களுக்கு அது கேட்டது. மற்றவர்கள் தயங்கினார்கள். பூமாலை, "மூணாச்சு" என்று திரும்பி நடந்தாள். கூட்டத்தில் ஆண்டாயி என்பவள் மட்டும் கூடப் போனாள். பள்ளத்தின் விளிம்பில் லைட்டை அமுக்கினால் எரியவில்லை. ஒரு குச்சியை உரசிச் சுள்ளியைக் கொளுத்திக்கொண்டு, மரத்தில் கயிற்றைக் கட்டிப் பூமாலை இறங்கினாள்.

நெருப்பு வெளிச்சத்தில் புருஷன் முகத்தைப் பார்த்தாள். காலின் இருபக்கமும் குச்சி வைத்துச் சேலைத்துணியால் சுற்றினாள். அவள் சுற்றச் சுற்ற அவனே வேட்டி முடிச்சை அவிழ்த்துக் கட்டைகளை நீட்டினான். வாங்கி லைட்டில் போட்டுக்கொண்டாள்.

"எவனோ ஒன்னயக் கூட்டிக்கிட்டுப் போறான்னு நெனச்சுட்டேன்."

"ம்."

"கூப்புட்டப்ப ஓடுனியே, அப்பறம் எதுக்கு வந்த?"

"யாரோ பாவம், கெடக்குறாங்கன்னு வந்தேன்." துணியை இறுக்கி முடிந்தாள். "நீங்கன்னு தெரிஞ்சிருந்தா, கொளஞ்சிய நெனச்சுக்கிட்டு பஸ் ஏறியிருப்பேன்."

மாயவன் அதைச் சந்தேகப்படவில்லை.

மேலிருந்து ஆண்டாயி குனிந்து கேட்டாள். "யாரு பூமால, தெரிஞ்சவங்களா?"

அவன் பூமாலையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அடிபட்டவரு" என்றாள் அவள். "கயித்தப் புடி."