பத்து மணிப் பால்

ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு வாக்கில் இருக்கும். முதல் பிள்ளை வயிற்றில் ஏழு மாதம். அப்போதும் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டுதான் இருந்தேன். இலங்கையில் பூண்டுலோயாப் பக்கம் எங்கள் மலை. அண்ணாந்து உச்சியைப் பார்த்தாலே பாதி உயிர் போய்விடும். ஒருநாள் நடுமலையில் மூச்சு முட்டி நின்றபோது, இனி உச்சியைப் பார்ப்பதே இல்லை என்று வீம்பாக முடிவெடுத்தேன். முன்னால் நிற்கிற ஒரு செடி. உள்ளே போகிற மூச்சு, வெளியே வருகிற மூச்சு. அது முடிந்தால் அடுத்த செடி.

பக்கத்து நிரையில் பறித்தவள் என் வயதுக்காரி. சும்மா விடுவாளா?

"என்னாடி, புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விடுற? சாமி வந்துருச்சா?"

"ஆமா, வந்துருச்சு. ஒன் கூடையில கொழுந்து கொறைச்சலாம். சாமி சொல்லுது" என்றேன்.

வலி கண்டபோதும் அதையேதான் செய்தேன். லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் மருத்துவிச்சி என் காலடியில் உட்கார்ந்திருந்தார். எப்போது முடியும் என்று நான் கேட்கவே இல்லை. வந்த வலியை மட்டும் பார்த்தேன், மூச்சோடு அதைப் போகவிட்டேன். கத்தவில்லை என்று புளுக மாட்டேன். லயமே கேட்கக் கத்தினேன். ஆனால் பயம் இல்லை. மகள் பிறந்தாள். "நீ கெட்டிக்காரிதான்" என்று மருத்துவிச்சி சொன்னதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மலைக்குத் திரும்பிய அன்றே அந்தக் கெட்டிக்காரத்தனம் காற்றில் போய்விட்டது. கைப்பிள்ளைகளைப் பிள்ளைக்காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டு மலையேறுவோம். பத்து மணிக்குப் பால் கொடுக்க விடுவார்கள். கங்காணி கத்துவதற்குள் திரும்ப வேண்டுமே என்று தலைதெறிக்க இறங்கி ஓடுவேன். நெஞ்சு படபடக்க, ஆயா கையிலிருந்து மகளைப் பிடுங்கி மாரில் அமுக்குவேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிடுவாள். நானும் அழுதுகொண்டே மறுபடி மலையேறுவேன். வீட்டில் கொஞ்சம் குடிப்பாள், பகலெல்லாம் பட்டினி.

ஒருநாள் ஆயா சொல்லிவிட்டார்: "புள்ள தேறலையே தாயி. ஒனக்குப் பாலு வத்திப்போச்சு போல. நாளையிலருந்து டின் பால் கரைச்சுக் குடுத்துருவோம்."

பாலா வற்றிவிட்டது? என் ரவிக்கை நனைந்து கிடந்தது. வற்றியது பால் இல்லை, என் நிதானம்.

அன்று மகளை உடனே மாரில் வைக்கவில்லை. மடியில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்தேன்.

"நேரமாவுதுல்ல?" என்றார் ஆயா.

"ஆவட்டும் ஆயாம்மா."

மூச்சைப் பார்த்தேன். கங்காணி முகம் வந்து நின்றது. வந்தால் வரட்டும் என்று மறுபடி மூச்சுக்கே திரும்பினேன். கொஞ்சம் கொஞ்சமாக என் நெஞ்சு அடங்கியது. மடியிலிருந்தவளின் வீறல் சிணுங்கலாகி, பிறகு அதுவும் நின்றது. தானாகவே முகத்தைத் திருப்பி என் ரவிக்கையை முட்டினாள். கொடுத்தேன். மடக் மடக்கென்று விழுங்குகிற சத்தம் கேட்டதும் எனக்குக் கண்ணீர் கொட்டியது. இரண்டு பக்கமும் குடித்துவிட்டுத்தான் விட்டாள்.

நிதானமாகவே மலையேறினேன்.

"எங்க போயித் தொலைஞ்ச? இன்னைக்கு அரை நாள் கூலிதான் ஒனக்கு!" என்று கங்காணி குதித்தார்.

"போடுங்க கங்காணி. புள்ளைக்குப் பால் குடுத்துட்டு வர்றேன்" என்றேன்.

பன்னிரண்டு நாளாகத் தினமும் அவரிடம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் அது உண்மை.