பாஞ்சாலி அக்காவின் ‘சாக்கு’

பாஞ்சாலி அக்காவின் புது ஆல்பம் வெளிவந்து ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது. கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் அதில் வரும் ‘சாக்கு’ பாட்டைக் கோணிப்பையைப் பற்றியது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கே போய் முட்டிக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நான் தெரசா. காரிமங்கலத்தில் முனிராஜ் அண்ணன் நடத்தும் மெல்லிசைக் குழுவில் கோரஸ் பாடுகிறேன். அக்கா முன்னால் நின்று பாடும்போது பின்னால் நின்று ‘ஆ... ஆ...’ என்று இழுப்பது என் உத்தியோகம். முனிராஜ் அண்ணன் அக்காவின் வீட்டுக்காரர். நிகழ்ச்சி ஒத்துக்கொள்வது, வேன் பேசுவது, மேடையில் மைக் பிடித்து ஊரைச் சிரிக்க வைப்பது எல்லாம் அவர். பாடுவது மட்டும் அக்கா.

அக்கா பிறந்தது பாப்பாரப்பட்டிக்கு மேற்கே ஒரு சின்ன ஊரில். வீட்டுக்குள் கன்னடம், வாசலைத் தாண்டினால் தமிழ். அந்தப் பக்கம் இது யாருக்கும் அதிசயம் இல்லை. சண்டை தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் முடியும். ஒரு மாரியம்மன் பண்டிகைக்கு அண்ணனின் குழு அந்த ஊருக்குப் போயிருந்தது. பாட வேண்டிய பெண்ணுக்குக் காய்ச்சல். ‘இந்த ஊர்ல யாராச்சும் பாடுவீங்களா’ என்று அண்ணன் மைக்கில் கேட்டது சும்மா ஒரு பேச்சுக்குத்தான். பத்தாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்த அக்கா, தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு மேடை ஏறிவிட்டாள். அன்றைக்கு ஏறியவள் இன்றுவரை இறங்கவில்லை. அடுத்த தையில் இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆனது.

அண்ணனைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், வேனில் எல்லோருக்கும் முதலில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் தான் குடிப்பார். அவருக்கு வராத ஒரே வார்த்தை ‘இல்லை’. யார் போன் செய்து கூப்பிட்டாலும், ‘வந்தர்றோங்க, ஜமாய்ச்சிர்லாம்’ என்பார். தை பிறந்தால் கல்யாணம், பங்குனி சித்திரையில் பண்டிகை, ஆடி முழுக்க அம்மன் கோயில், ஆவணியில் மறுபடி கல்யாணம், கார்த்திகையில் ஐயப்பன் பூஜை. சீசன் முடியட்டும் என்று அவர் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். எங்கள் தொழிலில் சீசன் எங்கே முடிகிறது?

பாடுற மாட்டைப் பாடிக் கறக்கணும் என்பார்கள். எங்கள் அண்ணன் ஒரு படி மேலே போய், மாட்டையே பாட வைத்துக் கறந்தார். மகள் பிறந்தபோதும் தொட்டில் மேடைக்குப் பின்னால் ஸ்பீக்கர் பெட்டி மறைவில்தான் தொங்கியது. அக்கா ஒரு பாட்டை முடித்துவிட்டு ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு, அடுத்த பாட்டின் பல்லவிக்குச் சரியாக வந்து நிற்பாள். கைதட்டுகிறவர்களுக்கு அதெல்லாம் தெரியாது.

போன வருடம் அக்காவின் குரல் கம்ம ஆரம்பித்தது. மேல் சுருதி போனால் காற்று மட்டும் வந்தது. சேலத்தில் ஒரு டாக்டர் தொண்டைக்குள் விளக்கு விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாணில் முடிச்சு விழுந்திருக்கிறது என்றார். ஆறு மாதம் பாடவே கூடாது, பேச்சையும் குறைக்க வேண்டும், இல்லையென்றால் இருக்கிற குரலும் திரும்பாது என்று தெளிவாகவே சொன்னார். அண்ணனோடு நானும் கூடப் போயிருந்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா அண்ணனிடம் சொன்னாள்.

“போதுங்க. என்னால முடியல. கொஞ்ச நாளைக்கு வேற யாரையாச்சும் பாடச் சொல்லுங்க.”

“ஆவட்டும் பாஞ்சாலி. இந்த சீசன் மட்டும் முடிஞ்சிரட்டும். வாக்கு குடுத்துட்டேன் பாரு.”

அதற்கப்புறம் கம்பைநல்லூர் போகும்போது ஒரு தடவை, மொரப்பூரில் சோறு தின்னும்போது ஒரு தடவை, காய்ச்சலோடு பொம்மிடி ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தபோது ஒரு தடவை என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தாள். செவிடன் காதில் ஊதின சங்குதான். அண்ணன் மாத்திரை வாங்கி வந்தார், பனங்கல்கண்டு வாங்கி வந்தார், சித்தரத்தை இடித்துக் கொடுத்தார். ஓய்வு மட்டும் கொடுக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் அண்ணனுக்கு ஆல்பம் ஆசை வந்தது. சொந்தப் பாட்டு இருந்தால்தான் குழுவுக்கு மதிப்பு என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அக்காவிடம் சொந்தப் பாட்டுக்குக் குறைவில்லை. வேனில் கண்ணை மூடிக்கொண்டு முனகுவாள், அத்தனையும் அவளே கட்டியது. அதில் ஒன்று என்னை என்னவோ செய்தது.

‘நின்னது சாக்கு, நடந்தது சாக்கு,
சிரிச்சது சாக்கு, பாடுனது சாக்கு,
கொஞ்சம் குந்திக்கட்டா சாமி...’

“அதென்னக்கா சாக்கு?” என்று கேட்டேன்.

“எங்க பாசையில போதும்னு அர்த்தம்” என்றாள். “எங்க வூட்ல சோறு போடறப்பக் கைய மறிச்சி ‘சாக்கு’ம்பாங்க. அழுதுட்டிருந்தா ‘சாக்கு’ன்னு மடியில போட்டுக்குவாங்க. வேல செஞ்சிட்டே இருந்தா ‘சாக்கு, குந்துடி’ம்பாங்க. இங்க யாரும் எங்கிட்ட அதச் சொல்லல தெரசா. அதான் நானே சொல்லிக்கறேன்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. அவள் தூங்கிவிட்டாள்.

தர்மபுரியில் டயர் கடைக்கு மாடியில் மதியழகன் என்பவர் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். ஆறு பாட்டு அங்கேதான் பதிந்தோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நின்ற அக்கா, ‘கொஞ்சம் குந்திக்கட்டா சாமி’ என்ற இடத்துக்கு வந்ததும் குரல் உடைந்து பாதியில் நிறுத்திவிட்டாள். மதியழகன் மறுபடி எடுக்கலாம் என்றார். கம்ப்யூட்டரிலேயே சரிபண்ணிவிடலாம் என்றும் சொன்னார்.

“அப்பிடியே இருக்கட்டும் தம்பி. அதுதான் பாட்டு” என்றாள் அக்கா.

தலைப்பு அடிக்கும்போது வினை வந்தது. ஒரு ‘க்’ போடாமல் ‘சாகு’ என்று அடித்தார் மதியழகன். அண்ணன் எட்டிப் பார்த்துப் பதறிவிட்டார். “என்னங்க, சாகு, கீகுன்னு? கல்யாண ஊட்டுக்குப் போற பாட்டுல சாவு வாசன அடிக்கக்கூடாது. நடுவுல ஒரு ‘க்’ போடுங்க.” போட்டார்கள். சாக்கு ஆனது. தமிழ் படித்தவன் எவனுக்கும் அது கோணிப்பைதான். அண்ணனுக்கும் அப்படித்தான் பட்டது. ‘அட, புளி மூட்ட பாட்டா? நல்லாருக்குதே!’ என்று சந்தோஷப்பட்டு, அக்காவைப் புளி மண்டிக்குக் கூட்டிப்போய் அடுக்கி வைத்த மூட்டைகளுக்கு நடுவில் பட்டுச்சேலையோடு நிறுத்திப் படம் எடுத்து அட்டையில் போட்டார். அக்கா சிரிக்கச் சொன்னபோது சிரித்தாள்.

அர்த்தத்தை அண்ணனிடம் நானே சொல்லியிருப்பேன். அக்கா என் கையைப் பிடித்து வேண்டாம் என்றுவிட்டாள்.

“சொல்லி வாங்கறதுக்கு இது என்ன ரேசன் அரிசியா? இத்தன வருசமா ஒரு கன்னடக்காரிகூடக் குடும்பம் நடத்தறாரு. எங்கம்மா வூட்ல எத்தன பந்தியில குந்தியிருக்கறாரு. ஒரு வார்த்தகூடவா காதுல வுழுந்திருக்காது?”

அவர் மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதி அன்றைக்கு இவள் மேல் திரும்பியது. குரல் போய்க்கொண்டிருக்கிறது, இவளுக்கு வீம்பு. ஆனால் உடம்பில் தெம்பு எல்லாம் தீர்ந்தபிறகு மனுஷிக்கு மிஞ்சுவது வீம்பு மட்டும்தானே என்று பிறகு நினைத்துக்கொண்டேன்.

ஆல்பம் யூட்யூபில் வந்து கொஞ்ச நாள் ஈ ஓட்டியது. பிறகு ஏதோ ஒரு பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் சாக்கு ஓட்டத்துக்கு இந்தப் பாட்டைப் போட்டு யாரோ ரீல்ஸ் விட்டார்கள். பிள்ளைகள் கோணிப்பைக்குள் காலை விட்டுக்கொண்டு குதிக்கிறார்கள், பின்னால் அக்கா ‘நின்னது சாக்கு, நடந்தது சாக்கு’ என்கிறாள். அவ்வளவுதான், தீப்பிடித்துக்கொண்டது. அண்ணன் மேடையில் அதன் வேகத்தைக் கூட்டினார். ரிதம் பேடு அடி சேர்ந்தது. இளவட்டங்கள் சாக்கோடு வந்து ஆடினார்கள். ஓய்வு வேண்டும் என்று கட்டிய பாட்டு, இருந்த கொஞ்சநஞ்ச ஓய்வையும் தின்றது. அண்ணனின் போன் கீழே வைக்கவே முடியாமல் அடித்தது. எல்லாவற்றுக்கும் ‘வந்தர்றோங்க’ என்றார்.

போன மாதம் மாரண்டஹள்ளிப் பக்கம் ஒரு காதுகுத்து. மண்டபத்தில் மதியச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் கன்னட வீடுகள் அதிகம். அண்ணன் வழக்கம்போல, “இப்ப வருது, உங்கள் அபிமான சாக்கு!” என்று கத்தினார். அன்றைக்கு அக்காவுக்குக் காலையிலிருந்தே பேச்சு வரவில்லை. ஜாடையில்தான் தண்ணீர் கேட்டாள். பாட்டு தொடங்கியதும் பையன்கள் ஆட வந்தார்கள். முன்வரிசையில் இருந்த பெண்கள் முதலில் தாளத்துக்குத் தலையாட்டினார்கள், பிறகு ஒவ்வொருத்தியாகத் தலையாட்டுவதை நிறுத்திவிட்டு அக்காவின் முகத்தையே பார்க்க ஆரம்பித்தார்கள். அவர்களுக்கு எந்தக் கோணிப்பையும் தெரியவில்லை.

‘பாடுனது சாக்கு’ என்ற வரியில் அக்காவின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. நான் பின்னாலிருந்து ‘ஆ... ஆ...’ என்று இழுத்துப் பார்த்தேன். அவள் கழுத்து நரம்பு புடைத்து நின்றது, அப்போதும் வாயை மூடவில்லை. காது குத்திக்கொண்ட குழந்தையின் அத்தை, குள்ளம்மாள் என்று பேர், பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தவர், கரண்டியை வைத்துவிட்டு நேராக மேடைக்கு வந்தார். அக்காவின் தோளைத் தொட்டார்.

“சாக்கம்மா, சாக்கு. கூத்துக்கோ” என்று கன்னடத்தில் உட்காரச் சொன்னார்.

அக்கா அப்படியே மேடையில் உட்கார்ந்துவிட்டாள். யாரோ வெட்டிப் போட்டது மாதிரி இல்லை. வயலில் வேலை முடித்தவள் வரப்பில் உட்காருவது மாதிரி, காலை நீட்டிக்கொண்டு.

அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் மைக்கில், “கேட்டீங்களா! அம்மா இன்னொரு சாக்கு கேக்கறாங்க! ஒன்ஸ் மோர்!” என்றார். ஒருத்தரும் கைதட்டவில்லை. பையன்கள்கூட நின்றுவிட்டார்கள்.

குள்ளம்மாள் அவரைத் திரும்பிப் பார்த்தார். “ஏனுங்க, நான் போதும்னு சொல்றனுங்க. இந்தப் புள்ளயும் பாட்டு பூரா அதத்தான சொல்லுது. நின்னது போதும், நடந்தது போதும், பாடுனது போதும்னு. உங்களுக்குத் தெரியாதுங்களா?”

அண்ணன் முகத்தில் அப்படி ஒரு வெளிறலை நான் பார்த்ததில்லை. மெல்ல நடந்து வந்து அக்காவுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மைக் கையிலேயே இருந்தது, அணைக்கத் தோன்றவில்லை.

“ஏன் பாஞ்சாலி,” என்றார், “எங்கிட்ட தமிழ்லயே சொல்லியிருக்கலாமில்ல?”

அக்கா அவரைப் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை. அதற்கும் தெம்பு வேண்டுமே. மூச்சை இழுத்து, காற்றாக வந்த குரலில் சொன்னாள்.

“மொதல்ல தமிழ்லதாங்க சொன்னேன்.”

ஸ்பீக்கரில் அது பந்திவரைக்கும் கேட்டது.